நெருப்புக் குச்சியும் தாடை எலும்பும்

சமையலறையில் உப்புச் சாடிக்கு அருகே நெருப்புப்பெட்டி ஒன்று கிடக்காத வீடு நம் நாட்டில் அரிது. அதனைக் கையிலெடுக்கும் சிறுவர் விரைவில் ஒன்றைக் கண்டுகொள்வர். குச்சியைச் சுவரில் உரைத்தால் அது பற்றுவதில்லை. சிமெந்துத் திண்ணையில் உரைத்தாலும் பற்றுவதில்லை. பெட்டியின் பக்கத்திலே பூசப்பட்ட கபிலநிறப் பட்டையில் உரைத்தால் மட்டுமே பற்றுகின்றது. ஏன் இவ்வாறு செய்திருக்கின்றார்கள் என்று பிள்ளை வினவினால், வீட்டில் தீ விபத்து நேராதிருப்பதற்காக என்று பெற்றோர் விடையளிப்பர். அவ்விடை சரியே, ஆயினும் அது பாதி விடைதான். மறுபாதி, நெருப்புக்குச்சி செய்து பிழைத்த ஏழைத் தொழிலாளரின் தாடை எலும்போடு தொடர்புடையது. இரசாயனப் பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகளுக்குத் தம் மக்களை அனுப்பும் குடும்பத்தினரும், அத்தகைய தொழிலை நாடும் மாணவரும் அம்மறுபாதியை அறிந்திருத்தல் நன்று. ஆதலால் இவ்வாரம் அதனையே எடுத்துக்கொள்வோம்.

பொசுபரசு என்னும் மூலகத்தை 1669ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தவரான ஹென்னிக் பிராண்ட் என்பவர் கண்டறிந்தார். பொன் செய்யும் வித்தையில் நாட்டங்கொண்ட அவர், சிறுநீரைக் காய்ச்சி வற்றச்செய்து ஆராய்ந்தபொழுது, இருளில் ஒளிரும் புதுப்பொருள் ஒன்று கிடைத்தது. பொன் கிடைக்கவில்லை. மெழுகு போன்ற அப்பொருளே வெண்பொசுபரசு. அதனைக் காற்றில் வைத்தால் புகைந்து தானே தீப்பற்றும். ஆகையால் நீருக்குள்ளேயே வைத்துக் காப்பர். 44 பாகை வெப்பத்தில் உருகிவிடும். இவ்வளவு எளிதில் எரியும் பொருள் கையிலிருக்க, அதனைக் கொண்டு நெருப்புக்குச்சி செய்ய மனிதர் முற்பட்டது வியப்பன்று.

உரைத்தால் எரியும் குச்சியை முதன்முதலில் விற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் வோக்கர் என்னும் மருந்து வணிகர். 1827இல் அவர் விற்ற குச்சிகளில் பொசுபரசு இல்லை. அவை சில வேளைகளில் பற்றாமலும், சில வேளைகளில் பொறி சிந்தியும் தொல்லை கொடுத்தன. 1830களின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த சார்ல்ஸ் சோரியா என்பவர் கலவையில் வெண்பொசுபரசைச் சேர்த்தார். அதன் பின்னர், காலணியின் அடியிலும் கல்லிலும் சுவரிலும் எங்கே உரைத்தாலும் குச்சி பற்றியது. சிக்கிமுக்கிக் கல்லோடு போராடிய உலகம் அதனை இரு கை நீட்டி வரவேற்றது. சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவெங்கும் நெருப்புக்குச்சித் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றில் வேலை செய்தவருட் பெரும்பாலோர் பெண்களும் சிறுவரும் ஆவர்.

அத்தொழிற்சாலைகளில் மருந்துக் கலவையைச் சூடாக்கிக் கலக்குவோர் சிலர். அக்கலவையிற் குச்சிகளைத் தோய்ப்போர் சிலர். காய்ந்த குச்சிகளை வெட்டிப் பெட்டியில் அடுக்குவோர் பலர். எல்லோரும் ஒரே புகையைச் சுவாசித்தனர். பசித்தபொழுது அதே மேசையிலே, அதே கைகளால் உணவைப் பிட்டு உண்டனர். சில ஆண்டுகள் சென்றபின் சிலருக்குப் பல்வலி தொடங்கும். பல்லைப் பிடுங்கினால் அப்புண் ஆறாது. தாடை வீங்கிச் சீழ் வடியும். எலும்பு சிறிது சிறிதாக மடியும். அருகில் இருப்போர் தாங்க இயலாத துர்நாற்றம் வீசுதலால், நோயாளியை உற்றாரும் ஒதுக்கிவைத்தனர். தாடை எலும்பை அறுத்தெடுத்தாலன்றி உயிர் பிழைத்தல் அரிது. பிழைத்தோரும் முகம் சிதைந்தே வாழ்ந்தனர். சூத்தைப் பல் வழியாகவும் பல் பிடுங்கிய குழி வழியாகவும் அந்நஞ்சு எலும்பைத் தாக்குகின்றது என மருத்துவர் பின்னர் கருதினர்.

இந்நோயை வியன்னா நகர மருத்துவராகிய லோரின்சர் 1840களின் நடுப்பகுதியிலேயே விவரித்து எழுதினார். ஆகவே, நோயின் காரணம் தெரியாதிருந்தது என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. மாற்றுப்பொருள் இல்லை என்று சொல்லவும் இயலாது. ஏறக்குறைய அதே காலத்தில், அதே வியன்னாவில், அன்டன் ஷ்ரோட்டர் என்னும் இரசாயன அறிஞர், வெண்பொசுபரசைக் காற்றுப் புகாத கலத்தில் நெடுநேரம் சூடாக்கினால் அது செம்பொசுபரசாக மாறும் என்று நிறுவினார். செம்பொசுபரசு தானே தீப்பற்றுவதில்லை. தாடையை அரிக்கும் புகையை விடுவதுமில்லை. சுவீடனில் பாஷ் என்னும் பேராசிரியர், குச்சியின் தலையில் ஒரு பகுதி மருந்தையும் பெட்டியின் பக்கத்தில் மறுபகுதி மருந்தையும் பிரித்து வைக்கும் முறையை 1844இல் வகுத்தார். யொன்சோபிங் என்னும் ஊரைச் சேர்ந்த லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர் அதனைத் திருத்தி, செம்பொசுபரசுப் பட்டை பூசிய பெட்டிகளைச் செய்து 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிற் பரிசு பெற்றனர். இன்று நம் சமையலறையிலிருக்கும் பெட்டி அதன் வழித்தோன்றலே. குச்சியின் தலையிற் பொற்றாசியங் குளோரேற்றும் கந்தகமும் உள்ளன. பட்டையிற் செம்பொசுபரசும் கண்ணாடித் தூளும் உள்ளன. இரண்டும் உரசும்பொழுது மட்டுமே தீ பிறக்கின்றது.

நோய் இன்னதென்று தெரிந்தது. மருந்தும் கைக்கு எட்டிவிட்டது. அதன் பின்பும் வெண்பொசுபரசுக் குச்சி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆலைகளில் ஆட்சி செய்தது. காரணம் எளிது. அது மலிவானது, எங்கே உரைத்தாலும் பற்றுவது. அந்த வசதியைக் கைவிட வாங்குவோர் விரும்பவில்லை. அந்த இலாபத்தைக் கைவிட விற்போர் விரும்பவில்லை. பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் அதனைத் தடைசெய்தன. பெரிய தொழில் நாடுகளோ காத்திருந்தன. அக்காத்திருப்பின் விலையைக் கொடுத்தவர் காத்திருந்தவர் அல்லர்.

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே பிரயன்ட் அன்ட் மே என்னும் கம்பனியின் பெரிய நெருப்புக்குச்சித் தொழிற்சாலை இருந்தது. அங்கு வேலை செய்த பெண்களின் நிலையை அன்னி பெசண்ட் அம்மையார் 1888 ஜூன் மாதம் தமது வாரப் பத்திரிகையில் அம்பலப்படுத்தினார். பிற்காலத்திற் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைமையை ஏற்ற அதே அம்மையார்தாம் இவர். குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், பேசினாலும் பாதம் அழுக்காயிருந்தாலும் தண்டம் என்று அவர் விவரித்தார். அக்கட்டுரை பொய்யென்று கையொப்பமிடுமாறு தொழிலாளப் பெண்கள் வற்புறுத்தப்பட்டனர், அவர்கள் மறுத்தனர். ஒருத்தி வேலைநீக்கப்பட்டவுடன் ஏறக்குறைய 1400 பெண்களும் சிறுமியரும் வேலையை விட்டு வெளியேறினர். இரண்டு வாரங்களுக்குட் கம்பனி இறங்கி வந்தது. தண்டங்கள் ஒழிந்தன. உணவு உண்பதற்குத் தனியறை தருவதாகவும் கம்பனி உடன்பட்டது.

அத்தனியறையைச் சிறிய வெற்றியென்று எண்ணற்க. நஞ்சு ரொட்டியோடு வாய்க்குட் போவதை அப்பெண்கள் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் வெண்பொசுபரசு ஆலையை விட்டுப் போகவில்லை. 1891இல் இரட்சணிய சேனையார் அதே கிழக்கு இலண்டனிற் செம்பொசுபரசை மட்டும் பயன்படுத்தும் ஆலையொன்றைத் திறந்து, கூடிய கூலியுங் கொடுத்து, இது செய்யத்தக்கதே என்று காட்டினர். 1898இல், தாடைநோய் கண்டோரை அரசுக்கு அறிவிக்காது மறைத்த குற்றத்துக்காக முன் கூறிய கம்பனிக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. அதே ஆண்டில் பிரான்சைச் சேர்ந்த செவீன், காஹன் என்னும் இருவர், பொசுபரசும் கந்தகமும் சேர்ந்த வேறொரு சேர்வையைக் கொண்டு, எங்கே உரைத்தாலும் பற்றுகின்ற, ஆயினும் தாடைநோய் விளைக்காத குச்சியைச் செய்தனர். பழைய சாக்குகளில் எஞ்சியிருந்ததும் அத்தோடு தீர்ந்தது.

1906இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் நாடுகள் கூடி, வெண்பொசுபரசுக் குச்சியைச் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் விலக்கும் உடன்படிக்கை செய்தன. பிரித்தானியா 1908இற் சட்டம் இயற்றி, 1910 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில், தீங்கற்ற குச்சிக்கான உரிமையை வைத்திருந்த கம்பனி 1911இல் அவ்வுரிமையைப் பொதுவாக்கியது. 1912இல் வெண்பொசுபரசுக் குச்சிமீது தாங்கமுடியாத வரி விதிக்கப்பட்டு அத்தொழில் அடியோடு மறைந்தது. இந்தியா 1913இல் தடைச் சட்டம் இயற்றியது. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1919இற் பிறந்தபொழுது, முதலாவது கூட்டத்திலேயே ஏனைய நாடுகளையும் பேர்ண் உடன்படிக்கையில் இணையுமாறு கேட்டுக்கொண்டது. வியன்னாவிலே மருத்துவர் நோயை எழுதிய நாளுக்கும் இலண்டனிலே சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய 65 ஆண்டுகள். அது ஒரு மனிதனின் முழு ஆயுள்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? இரசாயனத் தொழில் தீயது என்பதன்று. சவர்க்காரமும் கடதாசியும் சாயமும் மருந்தும் உரமும் இரசாயனமின்றி இல்லை. அத்தொழில்களால் வாழும் குடும்பங்களும் பல. கற்கவேண்டியது யாதெனில், ஆபத்தை நீக்கும் வழிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதே. முதலாவது, நஞ்சான பொருளை விலக்கி அதே வேலையைச் செய்யும் தீங்கற்ற பொருளைக் கொள்ளுதல். இரண்டாவது, அது முடியாவிட்டால், நஞ்சை மூடிய கலத்துள் அடைத்தல். புகையை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுதல். மூன்றாவது, வேலைநேரத்தையும் வேலைமுறையையும் திருத்துதல். உண்ணும் இடத்தைத் தனியாக்குதல். கடைசியிலேயே கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் வரவேண்டும். நெருப்புக்குச்சித் தொழிலில் முதலாவது வழியே நோயை ஒழித்தது. பல்லைச் சோதித்தலும் கை கழுவுதலும் நோயைக் குறைத்தனவேயன்றி ஒழிக்கவில்லை. ஆயினும் செலவு குறைந்தது கடைசி வழியாதலால், பல இடங்களில் அதனையே முதல் வழியாகக் கொள்கின்றனர். கையுறையைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் முதலாளியும், கையுறை போட்டுவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணும் தொழிலாளியும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

நம் நாட்டு நிலையைச் சிறிது நோக்குவோம். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்ப் பாலை உறையவைப்பதற்குப் போமிக்கமிலம் பயன்படுகின்றது. எறும்பின் கடியிலுள்ள அமிலமே அது. ஆனாற் செறிந்த நிலையில் தோலையும் கண்ணையும் வேகவைத்துவிடும். பாலைக் கெடாது வைத்திருக்க அமோனியா சேர்க்கின்றனர். பாலிலிருந்து கையுறை செய்யும் ஆலைகளிற் கந்தகமும் குளோரீனும் புழங்குகின்றன. பெரிய ஆலையிலே பொறியியலாளர் உளர், மேற்பார்வையாளர் உளர். சிறு நிலத்தில் இறப்பர் வளர்க்கும் குடும்பத்திலோ அமிலம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருக்கின்றது. அதனைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தல் பெரும் ஆபத்து. தாகத்தோடு ஓடி வரும் குழந்தைக்கு அது குளிர்பானமாகவே தோன்றும். அமிலத்தைக் கரைக்கும்பொழுது நீரை முதலில் எடுத்து, அதனுள் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். அமிலத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. கண்ணிலே தெறித்தால் ஓடும் நீரில் கால் மணிநேரமாவது கழுவிய பின்னரே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும். கழுவாது ஓடினால், வழியிற் செலவாகும் நேரமே பார்வையைப் பறித்துவிடும்.

2018 ஏப்ரல் மாதத்தில் ஹொரணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த துன்பம் வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். தொட்டியினுள் வீழ்ந்த தொழிலாளி ஒருவரைக் காப்பாற்ற முனைந்தோரும் நச்சு வாயுவுக்கு இரையாயினர்; ஐவர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகள் உலகின் பல நாடுகளிலும் இதே முறையில் நிகழ்கின்றன. முதலாமவர் மயங்கி வீழ்கின்றார்; அன்பு மிகுதியால் இரண்டாமவர் இறங்குகின்றார்; அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குகின்றார். முகத்திற் கட்டிய துணி தூசியை ஓரளவு தடுக்குமேயன்றி வாயுவைத் தடுக்காது. தொட்டி, கிணறு, குழி ஆகியவற்றுள் ஒருவர் மயங்கிக் கிடந்தால், காற்றுக் கலம் பூட்டிய கவசமின்றி எவரும் உள்ளே இறங்கலாகாது. உரக்கக் கூவி ஆட்களைத் திரட்டுதலும், தீயணைப்புப் படையினரை அழைத்தலும், கயிறு முன்னரே கட்டப்பட்டிருந்தால் வெளியில் நின்று இழுத்தலுமே செய்யத்தக்கன. உள்ளம் துடிக்கும் வேளையிற் கைகட்டி நிற்பது கொடுமை போலத் தோன்றும். ஆயினும் ஒரு வீட்டின் இழவு ஐந்து வீட்டின் இழவாகாது தடுப்பது அந்த நிதானமே. இதனை ஆலைக்குச் செல்லும் மகனுக்கும் மகளுக்கும் முதல் நாளிலேயே சொல்லி அனுப்புங்கள்.

இனி, மருத்துவரிடம் சொல்லவேண்டிய ஒன்று. இத்தாலி நாட்டு மருத்துவராகிய இரமாசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன தொழில் செய்கின்றாய் என்பதையும் கேட்கவேண்டும் என்று அதிலே அவர் வலியுறுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டாக்டர் அலிஸ் ஹமில்ற்றன் என்னும் பெண்மணி, ஈயம் முதலிய நஞ்சுகளைக் கையாண்ட தொழிலாளரை ஆலையிலும் வீட்டிலும் தேடிச் சென்று, அக்கேள்வியையே தம் வாழ்நாள் தொண்டாக்கினார். 1919இல் ஹாவாட் பல்கலைக்கழகம் தன் முதற் பெண் ஆசிரியராக அவரை ஏற்றது. விஞ்ஞானம் கற்கும் நம் மாணவியர் அவர் வரலாற்றைத் தேடிப் படிப்பது நன்று. நீங்கா இருமல், தோற்சொறி, கைநடுக்கம், ஓயாத தலைவலி என்று மருத்துவரிடம் செல்லும்பொழுது, அவர் கேளாவிட்டாலும் நீங்களே உங்கள் தொழிலையும், கையாளும் பொருளின் பெயரையும் கூறுங்கள். பெயர் தெரியாவிட்டாற் பீப்பாயின் மேல் ஒட்டியுள்ள சீட்டை எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

பீப்பாயின் சீட்டு என்றதும் ஒன்று கூறவேண்டும். சிவப்புக் கரையிட்ட சாய்சதுரத்துள் மண்டையோடு வரைந்திருந்தால் அப்பொருள் கொல்லும் நஞ்சு. கையையும் உலோகத்தையும் ஒரு திரவம் அரிப்பதுபோல வரைந்திருந்தால் அது அரிக்கும் பொருள். தீச்சுடர் வரைந்திருந்தால் எளிதில் எரிவது. மனித மார்பில் நட்சத்திரம் போன்ற வெடிப்பு வரைந்திருந்தால் நெடுங்காலத்தில் உள்ளுறுப்புகளைக் கெடுப்பது. உலகப் பொதுவான இக்குறிகளை எழுத்தறியாதாரும் ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளலாம். வீட்டிலே படிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு இவற்றைக் கற்பிப்பார்களாயின், அதனினும் சிறந்த வீட்டுப்பாடம் வேறில்லை.

வேலைக்குச் சேரும் இளைஞரும் யுவதியரும் முதல் வாரத்திலேயே நான்கு கேள்விகளுக்கு விடை பெற்றுக்கொள்ளல் வேண்டும். நான் கையாளும் பொருளின் பெயர் யாது? அதனிலும் தீங்கு குறைந்த பொருளைக் கொண்டு இவ்வேலையைச் செய்ய இயலாதா? அதன் புகை எங்கே போகின்றது? உடலிற் பட்டாற் கழுவும் நீர் எத்தனை அடி தூரத்தில் உள்ளது? இவற்றைப் பணிவோடு கேட்கலாம்; கேட்பதற்கு உரிமையும் உண்டு. தொழிற்சாலைகளின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் வற்புறுத்தும் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் 1942ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. வேலையினால் நேரும் காயத்துக்கும் தொழில்வழி வரும் நோய்க்கும் நட்டஈடு கோரும் சட்டம் 1934ஆம் ஆண்டிற் பிறந்தது. ஆயினும் சட்டம் புத்தகத்திற் கிடக்கும். அதனைத் தட்டி எழுப்புவது கேட்பவரின் வாயே. தனியே கேட்கத் தயங்குவோர் சங்கமாகச் சேர்ந்து கேட்கலாம். 1888இல் எழுதப் படிக்க அதிகம் அறியாத இலண்டன் பெண்கள் அவ்வாறே கேட்டனர்.

பெற்றோருக்கு ஒரு சொல். மகன் வேலையிலிருந்து வந்ததும் எவ்வளவு சம்பளம் என்று கேட்கின்றோம். மேலதிக நேர வேலை உண்டா என்று கேட்கின்றோம். இன்று என்ன பொருளைத் தொட்டாய் என்று கேட்பதில்லை. வேலை உடுப்போடு குழந்தையைத் தூக்காதே, கையும் முகமும் கழுவிவிட்டுச் சோற்றில் கைவை, அவ்வுடுப்பை வீட்டாரின் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதே என்று சொல்வதற்கும் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. நெருப்புக்குச்சிப் பெண்களின் நோய் பல்வலியாகவே தொடங்கிற்று. வீட்டிலுள்ளோர் அதனை வெறும் பல்வலி என்று எண்ணிக் கிராம்பு வைத்திருப்பர். இன்று உங்கள் வீட்டில் ஒருவர் நெடுநாளாய் இருமுவாராயின், அது வெறும் இருமல்தானா என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.